வாட்சங்கா, சவுத் மவுண்டனா, ரூஸ்வெல்ட்டா? வருஷம் பூரா போக ஒரே ஒரு காட்டுப் பார்க்

போன மாசம் நியூஜெர்சியில எடிசன்ங்குற ஊருக்குப் புதுசா குடிவந்த ஒரு குடும்பம் எங்க வீட்டுக்கு சாப்பிட வந்திருந்தாங்க. சாப்பாடு முடிஞ்சு காபி குடிக்கிறப்ப அந்தப் பொண்ணு கேட்டா, "அக்கா, பசங்க சனி ஞாயிறு பூரா டேப்லெட்டும் கையுமா உக்காந்திருக்குதுங்க, வாரா வாரம் புதுசா ஒரு இடம் தேடி ரெண்டு மணி நேரம் டிரைவ் பண்ணவும் முடியல, பக்கத்துலயே மரம் அடர்த்தியா இருந்து, நடக்க ட்ரெயில் இருந்து, உக்காந்து சாப்பிட டேபிளும் இருக்குற மாதிரி ஒரே ஒரு பார்க் சொல்லுங்க, வருஷம் பூரா அங்கயே போய்க்கிறோம்"னு. அன்னைக்கு வாயில வந்ததைச் சொல்லி அனுப்பிட்டேன். அவங்க போனப்புறம் யோசிச்சா, நியூஜெர்சிக்கு வந்த முதல் வருஷம் நாங்களும் இதே கேள்வியோட தான் அலைஞ்சோம், அப்ப யாராவது உக்காத்தி வச்சு ஒழுங்கா சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு, அதான் விரிவா எழுதுறேன்.

எடிசன், இசெலின், மெட்டச்சன் பக்கம் இருக்குறவங்களுக்கு நான் மூணு இடத்தை எடுத்துக்குறேன். எடிசன் உள்ளயே இருக்குற ரூஸ்வெல்ட் பார்க், இது மிடில்செக்ஸ் கவுண்டியோடது. அடுத்து யூனியன் கவுண்டியில இருக்குற வாட்சங் ரிசர்வேஷன். மூணாவது எசெக்ஸ் கவுண்டியோட சவுத் மவுண்டன் ரிசர்வேஷன். மூணுமே கவுண்டி பார்க், உள்ள போக டிக்கெட் கிடையாது, வண்டி நிறுத்தவும் காசு கிடையாது. நம்ம ஊருல இந்த அளவுக்குக் காடு இருந்தா ஒண்ணு ரிசர்வ் ஃபாரஸ்டா இருக்கும், இல்ல கேட்ல ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. இங்க ஒரு கவுண்டியே, அதாவது ஒரு மாவட்டம் மாதிரி, காட்டை வாங்கிப் போட்டு மக்கள் நடக்க விட்டிருக்கு. அமெரிக்காவுலயே முதல்ல கவுண்டி அளவுல பார்க் அமைப்பு ஆரம்பிச்சது இந்த எசெக்ஸ் கவுண்டி தான், 1895ல. வந்த புதுசுல எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நேஷனல் பார்க் மட்டும் தான் பார்க்குன்னு நினைச்சு விடுமுறைக்கு விடுமுறை தான் வெளிய போனோம்.

எது பெஸ்ட்டுன்னு போட்டோவை வச்சு முடிவு பண்ணாதீங்க. அக்டோபர் மூணாவது வாரம் எடுத்த போட்டோவுல இந்த மாநிலத்துல எந்தக் காடும் அழகா தான் இருக்கும். நான் பார்க்குறது ரெண்டே விஷயம். ஒண்ணு, பிப்ரவரி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அங்க போக மனசு வருமா. இன்னொண்ணு, எங்க வீட்டுல மெதுவா நடக்குறவங்க அங்க போனா வண்டியிலயே உக்காந்திருக்கணுமா, இல்ல அவங்களும் கொஞ்ச தூரம் காட்டுக்குள்ள வர முடியுமா. எங்க வீட்டுல மெதுவா நடக்குறவங்க அத்தை. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கும்பகோணத்துலேர்ந்து வந்து ஆறு மாசம் இருப்பாங்க, ரெண்டு முட்டியும் வலி, புடவைக்குக் கீழ ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கிட்டு நடப்பாங்க, ஆனா ஆசை நிறைய. வேகமா நடக்குறது என் பையன், ஏழு வயசு. ரெண்டு பேருக்கும் ஒரே காலையில ஒரே இடம் சரிப்படணும்.

ரூஸ்வெல்ட் பார்க் எங்க வீட்டுலேர்ந்து எட்டு நிமிஷம். மென்லோ பார்க் மாலுக்குப் பக்கத்துலயே இருக்கு, கிட்டத்தட்ட 196 ஏக்கர், மிடில்செக்ஸ் கவுண்டி பார்க்குகள்லயே பழசு. நடுவுல ஏரி, சுத்தி தார் போட்ட பாதை, மேடு பள்ளம் அதிகம் இல்ல, ஸ்ட்ரோலர் ஓடும், அத்தை ஓடாட்டியும் நிம்மதியா நடப்பாங்க. சாயங்காலம் போனா நம்ம ஊர் ஆளுங்க நிறைய பேரைப் பார்க்கலாம், ஊர்லேர்ந்து வந்திருக்குற அப்பா அம்மாக்கள் ரெண்டு ரெண்டு பேரா ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடப்பாங்க, அத்தைக்கு அங்க மன்னார்குடிக்காரம்மா ஒருத்தங்க தோழியே ஆயிட்டாங்க. அந்தப் பழக்கம் எந்த நீர்வீழ்ச்சியை விடவும் பெருசுன்னு நான் நினைக்கிறேன், ஆறு மாசம் நாலு சுவத்துக்குள்ள இருக்குறவங்களுக்கு. உள்ள ஒரு பழைய நீரூற்றுச் சிலை இருக்கு, 1938ல வேலண்ட் கிரெகரிங்குற சிற்பி தாமஸ் எடிசனை நினைச்சு சுட்ட மண்ணுல செஞ்சது, வர்ணம் வர்ணமா இருக்கும், நிறைய பேரு பார்க்காமயே தாண்டிப் போயிடுறாங்க, நின்னு பாருங்க. கோடையில ராத்திரி திறந்தவெளி நாடகமும் நடக்கும், 1963லேர்ந்து நடக்குற வழக்கம், வீட்டுலேர்ந்து மடக்கு நாற்காலி எடுத்துட்டுப் போகணும்.

ஆனா காடுன்னு கேட்டா ரூஸ்வெல்ட் பார்க் காடு கிடையாது. மரம் இருக்கு, நிழல் இருக்கு, ஒரு ஓரமா கொஞ்சம் அடர்த்தியாவும் இருக்கு, அவ்வளவு தான். ரூட் ஒண்ணுல போற வண்டிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பையன் ரெண்டாவது தடவையே "அம்மா, சுத்தி வந்த இடத்துக்கே வந்துட்டோம்"னுட்டான். தினசரி நடைக்கு அது தான் சரி, சந்தேகமே இல்ல. வாரக் கடைசிக்கு அது பத்தாது.

சவுத் மவுண்டன் முழுக்க வேற உலகம். 2,000 ஏக்கருக்கு மேல, மில்பர்ன், மேப்பிள்வுட், வெஸ்ட் ஆரஞ்ச் ஊர்களுக்கு நடுவுல மலை மேல பரந்து கிடக்கு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைச்ச ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெடோட குடும்ப நிறுவனம் தான் இதுக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தது. மூணு இடத்துலயும் அழகு எதுன்னு மட்டும் கேட்டா யோசிக்காம இதைச் சொல்லிடுவேன். ஹெம்லாக் ஃபால்ஸ்னு சுமார் 25 அடி உயர அருவி இருக்கு, கறுப்புப் பாறை மேலேர்ந்து விழும். குற்றாலத்தை மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீங்க, குளிக்கிற அருவி கிடையாது. ஆகஸ்ட்ல மழை இல்லாத வாரம் போனீங்கன்னா நூல் மாதிரி ஒழுகும், மார்ச்ல பனி உருகுறப்ப போனா நல்ல சத்தத்தோட விழும், ஜனவரில நல்லா உறைஞ்ச வாரம் போனா அருவியே வெள்ளைத் திரை மாதிரி நின்னுடும். நாங்க ஒரு தடவை அப்படிப் பார்த்தோம், திரைக்குப் பின்னாடி தண்ணி ஓடுற சத்தம் மட்டும் லேசா கேட்டுச்சு, பையன் காதை ஐஸ் கிட்ட வச்சுக்கிட்டு நகரவே மாட்டேன்னுட்டான்.

மேல வாஷிங்டன் ராக்னு ஒரு பாறை முனை இருக்கு, அமெரிக்க சுதந்திரப் போர்ல, 1780 ஜூன்ல, பிரிட்டிஷ் படை ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் வந்தப்ப அமெரிக்கப் படைக்காரங்க இங்கேர்ந்து தான் கண்காணிச்சாங்க. மில்பர்ன் ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்லயே லோகஸ்ட் குரோவ்னு பிக்னிக் இடம், அங்கேர்ந்து ட்ரெயில் நேரா மேல ஏறும். இதுல ஒரு பெரிய வசதி என்னன்னா வண்டியே வேணாம், ஹோபோக்கன்லேர்ந்தோ நியூயார்க் பென் ஸ்டேஷன்லேர்ந்தோ மாரிஸ் எசெக்ஸ் லைன் ரயில் ஏறுனா மில்பர்ன்ல இறங்கி ரோட்டைத் தாண்டுனா காடு. ஜெர்சி சிட்டியில வண்டி வாங்காம இருக்குற பேச்சிலர் பசங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க எல்லாருக்கும் நான் கண்ணை மூடிக்கிட்டு சவுத் மவுண்டன் தான் சொல்வேன். சின்னப் பிள்ளைங்க இருந்தா லோகஸ்ட் குரோவ்லேர்ந்து ஆத்தோரமா போற ட்ரெயில்ல மரத்து வேர் இடுக்குல குட்டிக் குட்டியா தேவதை வீடு கட்டி வச்சிருப்பாங்க, பட்டை, காய், பாசி, குச்சி இதுகளை வச்சே செஞ்சது, அதைத் தேடிக்கிட்டே பிள்ளைங்க ஒரு மைல் நடந்துடும். டர்ட்டில் பேக் ஜூவும் அதே மலையோட இன்னொரு பக்கம் தான், அதுக்கு மட்டும் டிக்கெட்.

சிக்கல் எங்கன்னா அத்தை. லோகஸ்ட் குரோவ்லேர்ந்து வாஷிங்டன் ராக் ஏற்றம் நல்லா மூச்சு வாங்கும், கல்லும் வேரும் கால்ல இடிக்கும். அருவிக்குப் போற பாதையும் கடைசியில கல்லு தான். மேல கிரெஸ்ட் டிரைவ்னு தார் ரோடு ஒண்ணு இருக்கு, அதுல சமமா நடக்கலாம், உண்மை தான். ஆனா நாங்க அருவிக்கும் அவங்க ரோட்டுலயும்னு பிரிஞ்சு போனா குடும்பமா வந்ததுக்கு என்ன அர்த்தம்? எங்க வீட்டுலேர்ந்து கார்டன் ஸ்டேட் பார்க்வே ஹைவேயில நெரிசல் இல்லாட்டியே அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், சனிக்கிழமை பத்து மணிக்கு மேல போனா பார்க்கிங்குக்கு சுத்தணும்.

இப்ப வாட்சங். நாங்க எங்க பார்க்குன்னு வச்சுக்கிட்டது இதைத் தான், அதனால கொஞ்சம் நிறைய எழுதுறேன், பொறுத்துக்குங்க. கிட்டத்தட்ட 2,000 ஏக்கர், யூனியன் கவுண்டியிலயே பெரிய பார்க், எங்க வீட்டுலேர்ந்து 25 நிமிஷம். ரெண்டு மலை முகடு, நடுவுல பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குல புளூ புரூக்னு ஒரு ஓடை. காலுக்குக் கீழ இருக்குற கறுப்புப் பாறை சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஓடுன எரிமலைக் குழம்பு ஆறுனது. பையனுக்கு இதைச் சொன்னதுலேர்ந்து ஒவ்வொரு கல்லையும் "இது லாவாவா"ன்னு கேட்டுக்கிட்டே வருவான், பெரும்பாலும் ஆமான்னே சொல்லலாம்.

இங்க எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு. நல்லா நடக்குறவங்களுக்கு சியரா ட்ரெயில், வழி காட்ட மரத்துல வெள்ளை பெயிண்ட்ல பட்டை போட்டது, பார்க்கை முழுசா சுத்தி வர்றது, பத்து மைலுக்கு மேல. மரத்துல ஒத்தைப் பட்டை இருந்தா நேரா போ, மேல கீழ ரெண்டு பட்டை இருந்தா திருப்பம் வருதுன்னு அர்த்தம், இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா அவங்களே முன்னாடி நின்னு வழி காட்டுவாங்க. பிள்ளைங்களுக்கு டிரெயில்சைட் நேச்சர் சென்டர், 1941ல ஆரம்பிச்சது, உள்ள போக இலவசம், ஆந்தையும் பாம்பும் கண்ணாடிக்குள்ள. மழை தூறுனா அங்க ஒதுங்கலாம், பாத்ரூம் அங்க தான் நம்பிப் போகலாம். மத்த இடத்துல வெளிய இருக்குறதெல்லாம் குளிர்காலத்துல பைப் உறைஞ்சிடும்னு பூட்டி வச்சிருப்பாங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. லேக் சர்ப்ரைஸ்னு நீளமா ஒல்லியா ஒரு ஏரி, கரையில தூண்டில் போட்டுக்கிட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்க. குதிரை லாயமும் உண்டு, அதனால ட்ரெயில்ல குதிரை எதிர்ல வந்தா ஓரமா ஒதுங்கி அசையாம நின்னு விட்டுடணும், பின்னாடி போய் நிக்கக் கூடாது.

அத்தைக்குன்னு கிடைச்சது ஆளில்லாத கிராமம். டெசர்ட்டட் வில்லேஜ்னு போர்டு இருக்கும். 1845ல டேவிட் ஃபெல்ட்னு நியூயார்க்ல ஸ்டேஷனரி வியாபாரம் பண்ண ஒருத்தர் இந்தப் பள்ளத்தாக்குல ஆலை கட்டி, வேலைக்காரங்களுக்கு வீடு கட்டி, சர்ச் கட்டி, பள்ளிக்கூடம் வச்சு, ஒரு ஊரையே எழுப்பினாரு, ஃபெல்ட்வில்னு பேரு. 1860ல வித்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் 1882ல இன்னொருத்தர் அதையே கோடை விடுதியா மாத்தி கிளென்சைட் பார்க்னு நடத்தினாரு, 1916ல அதுவும் முடிஞ்சது. மிச்சம் இருக்குற வீடுங்க இன்னைக்கும் காட்டுக்குள்ள வரிசையா நிக்குது. கிளென்சைட் அவென்யூ பக்கம் வண்டியை விட்டுட்டு உள்ள போற பாதை தார் போட்டது, போறப்ப லேசா இறக்கம், வர்றப்ப ஏற்றம், அதை மட்டும் கணக்கு வச்சுக்கணும். அத்தை ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு பார்ப்பாங்க. முதல் தடவை போனப்ப ஒரு வீட்டுத் திண்ணை மாதிரி இருக்குற முன்பக்கத்தைப் பார்த்து, "எவ்வளவு பேரு உக்காந்து பேசியிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அவங்க பிறந்த வீடும் இப்ப பூட்டித் தான் கிடக்கு.

சத்தம்னு பார்த்தா வாட்சங்குக்கும் குறை உண்டு. வடக்கு ஓரமா ஐ-78 ஹைவே போகுது, இலை இல்லாத மாசத்துல அந்த இரைச்சல் மேல் முகட்டுல நல்லாவே கேக்கும். அந்த ரோடு போட்டப்ப மிருகங்க கடக்குறதுக்குன்னு மேல மண்ணும் மரமும் வச்ச பாலம் கட்டியிருக்காங்க, அது ஒரு ஆறுதல். பள்ளத்தாக்குக்குள்ள இறங்கிட்டா சத்தம் அடங்கிடும், போன் சிக்னலும் கூடவே அடங்கிடும், அதனால மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணி வச்சுக்குங்க.

சரி, நான் சொன்ன பிப்ரவரிக்கு வர்றேன். குளிர்காலத்துல ரூஸ்வெல்ட்ல ஏரியிலேர்ந்து வர்ற காத்து முகத்துல அறையும், மறைப்பே இல்ல, பத்து நிமிஷத்துல திரும்பிடுவோம். சவுத் மவுண்டன்ல ஏற்றமான கல்லுப் பாதையில ஐஸ் பிடிச்சிருக்கும், ஷூவுக்குக் கீழ மாட்டுற மைக்ரோஸ்பைக் இல்லாம பிள்ளைங்களோட ஏறாதீங்க. வாட்சங் பள்ளத்தாக்குல ரெண்டு பக்கமும் முகடு காத்தைத் தடுக்குது, கிராமத்துத் தார் பாதையில மெதுவா நடக்கலாம். போன தடவை அத்தை பிப்ரவரி வரைக்கும் இருந்தாங்க, பனி லேசா கிடந்தப்ப பிளாஸ்க்ல சுக்கு காபி எடுத்துட்டுப் போனோம். எல்லா மரமும் மொட்டையா நிக்குது, நடுவுல சின்னச் சின்ன மரம் மட்டும் வெளிறிய பழுப்பு நிறத்துல இலையை விடாம பிடிச்சுக்கிட்டு நிக்குது, காத்தடிச்சா காஞ்ச பனையோலை மாதிரி சரசரங்குது. "இது மட்டும் ஏன் உதுக்க மாட்டேங்குது"ன்னு அத்தை கேட்டாங்க. அது பீச் (beech) மரம், பழம் காய்க்கிற பீச் இல்ல, இளசா இருக்குறப்ப இலையை வசந்தம் வரைக்கும் வச்சிருக்கும். கையில தொட்டா காகிதம் மாதிரி மெல்லிசா, நரம்பு தெரியும். கொஞ்ச வருஷமா இந்த மாநிலத்துல பீச் மரத்துக்கு இலை நோய் ஒண்ணு பரவுது, கோடையில இலையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா நரம்புக்கு நடுவுல கறுப்புக் கறுப்பா பட்டை தெரியும், மனசு கஷ்டமா இருக்கு. சவுத் மவுண்டன் அருவிக்குப் பேரு கொடுத்த ஹெம்லாக் மரங்களும் இப்படித் தான், பஞ்சு ஒட்டுன மாதிரி ஒரு சின்னப் பூச்சி வந்து பெரும்பாலும் போயிடுச்சு. இருக்குறப்பவே பிள்ளைங்களுக்குக் காட்டிடணும்.

குளிர்காலத்துல ரெண்டு எச்சரிக்கை. டிசம்பர் நடுவுல இங்க 4:30 மணிக்கே சூரியன் மறைஞ்சிடும். ஒரு தடவை நாங்க மதியம் சாப்பிட்டு மூணு மணிக்கு மேல சியரா ட்ரெயில்ல இறங்கிட்டோம், முந்தின நாள் காத்தோட பனி பெஞ்சு மரத்துல ஒரு பக்கம் பூரா வெள்ளையா ஒட்டியிருந்துச்சு, ட்ரெயில் பட்டையும் வெள்ளை, எது பட்டை எது பனின்னு தெரியல, இருட்டு வேற. எங்க வீட்டுக்காரர் ஓடைச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வழி கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு, பையன் என் கையை விடவே இல்ல. அதுக்கப்புறம் டிசம்பர், ஜனவரில காலையில பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்குள்ள திரும்பிடுறோம், பையில டார்ச் எப்பவும் இருக்கும். இன்னொண்ணு, மான் பெருகி இளங்கன்னை எல்லாம் தின்னுடுதுன்னு கவுண்டி சில குளிர்காலத்துல மான் எண்ணிக்கையைக் குறைக்கிற வேலை நடத்துவாங்க, அந்த நாட்கள்ல பார்க்கை மூடி வைப்பாங்க. வாட்சங், சவுத் மவுண்டன் ரெண்டுக்கும் இது பொருந்தும், கிளம்புறதுக்கு முன்னாடி கவுண்டி அறிவிப்பை ஒரு பார்வை பாருங்க.

வசந்தமும் கோடையும் எல்லாரும் போற காலம் தான், அதைப் பத்தி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்ல. மார்ச் கடைசில சாயங்காலம் ஈரமான பள்ளத்துப் பக்கம் நின்னீங்கன்னா குட்டித் தவளைங்க கத்துற சத்தம் மழைக்கால வயக்காடு மாதிரி காதை அடைக்கும். ஏப்ரல்ல மரம் இலை விடுறதுக்கு முன்னாடி தரையில சின்னப் பூ எல்லாம் பூத்து முடிச்சிடும், ரெண்டு மூணு வாரம் தான். ஜூலையில கொசு. அதுக்கு மூணு இடமும் ஒண்ணு தான்.

ஆனா உண்ணியைப் பத்தி சொல்லாம போனா இந்தக் கட்டுரை எழுதி பிரயோஜனம் இல்ல. நம்ம ஆளுங்க நிறைய பேரு இதை லேசா எடுத்துக்குறாங்க, மாட்டு மேல இருக்குற உண்ணி தானேன்னு. இது மான் உண்ணி, லைம் நோயைக் கொண்டு வர்றது. மே, ஜூன், ஜூலையில குட்டி உண்ணி கசகசா அளவு தான் இருக்கும், பெருசானது எள்ளு அளவு. அக்டோபர், நவம்பர்ல பெருசு திரும்ப கிளம்பும், குளிர்காலத்துலயும் கொஞ்சம் வெயில் வந்து பனி உருகுற நாள்ல நடமாடும். போன ஜூன்ல வாட்சங் போயிட்டு வந்து பையனைக் குளிப்பாட்டுறப்ப முட்டிக்குப் பின்னாடி மடிப்புல ஒரு புள்ளி, மச்சம்னு நினைச்சேன், மச்சத்துக்குக் கால் இருந்துச்சு. ஊசி முனை மாதிரி இருக்குற ட்வீஸரால தோலோட ஒட்டி பிடிச்சு நேரா மேல இழுத்து எடுத்தேன், திருகக் கூடாது, எண்ணெய் தடவுறது நெருப்பு காட்டுறதெல்லாம் கூடாது. பொதுவா 24 மணி நேரத்துக்கு மேல ஒட்டியிருந்தா தான் லைம் கிருமி உடம்புக்குள்ள இறங்கும், அதனால அன்னைக்கே பார்த்து எடுத்துடுறது தான் முக்கியம். அடுத்த சில வாரத்துல காய்ச்சலோ வட்டமா சிவப்பு தடிப்போ வந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க. இப்ப எங்க வீட்டுல வழக்கம் என்னன்னா, காட்டுக்குப் போனா பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கணும், வந்ததும் துணியை நேரா டிரையர்ல அதிக சூட்டுல பத்து நிமிஷம், அப்புறம் எல்லாரும் குளியல், காது பின்னாடி, அக்குள், முட்டி மடிப்பு, தலைமுடி எல்லாம் பார்க்கணும். அத்தை புடவையில வர்றதால அவங்களைத் தார் பாதையை விட்டு இறங்க விடுறதில்ல. இந்த விஷயத்துல ரூஸ்வெல்ட் தான் பாதுகாப்பு, புல்லை வெட்டி வச்சிருக்காங்க, பாதையிலயே நடந்தா பயம் கம்மி. கைக்குழந்தை வச்சிருக்குறவங்க ஜூன்ல அங்கயே போறது நல்லது.

அக்டோபர்ல இன்னொரு ஆபத்து, அது அழகா இருக்கும். பாய்சன் ஐவி. ஒரு காம்புல மூணு இலை, இலையுதிர் காலத்துல ரத்தச் சிவப்பா மாறும், பிள்ளைங்க இலை பொறுக்குறப்ப முதல்ல அதைத் தான் எடுக்கும். அதோட எண்ணெய் பட்டா தோல் கொப்புளிச்சிடும். மாமரமும் முந்திரியும் இருக்குற அதே குடும்பத்துச் செடி இது, மாங்காப்பால் பட்டு உதடு புண்ணாகுற ஆளுங்க நம்ம வீட்டுல இருந்தா அவங்க கூடுதலா கவனமா இருக்கணும். குளிர்காலத்துல இலை இல்லாம மரத்துல ரோமம் ரோமமா வேர் விட்டு ஏறுன கொடி இருந்தா அதையும் தொடாதீங்க.

பிக்னிக் விஷயத்துல என் கணக்கு வேற. நாலு பேரு தயிர்சாதம், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கிட்டு போறதுன்னா மூணு இடத்துலயும் டேபிள் கிடைக்கும், யாரையும் கேக்க வேணாம். வாட்சங்ல லூப்னு சொல்ற இடத்துல விளையாட்டுத் திடலும் டேபிளும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ஆகஸ்ட்ல ஜெர்சி சோளம் வர்றப்ப பார்க்ல இருக்குற கரி அடுப்புல சுட்டு, எலுமிச்சம்பழத்தை மிளகாத்தூள் உப்புல தோய்ச்சு தேய்ச்சு கொடுத்தா பிள்ளைங்க ஆளுக்கு ரெண்டு கதிர் சாப்பிடும். ஆனா முப்பது நாப்பது பேரு கூப்பிட்டு பிறந்தநாள், சீமந்தம்னு வைக்கிறதுன்னா கூரை போட்ட இடத்துக்குக் கவுண்டிகிட்ட பர்மிட் வாங்கணும், அது பொதுவா அந்தந்தக் கவுண்டியில குடியிருக்குறவங்களுக்குக் கட்டணம் கம்மி, வெளிக் கவுண்டிக்காரங்களுக்கு அதிகம். நாம மிடில்செக்ஸ், அதனால கூட்டம் சேர்க்குறதுக்கு ரூஸ்வெல்ட் தான். நம்ம ஊர்க் கடைங்க நிறைய இருக்குற ஓக் ட்ரீ ரோடும் பக்கம், சாப்பாட்டு ட்ரே சூடு ஆறுறதுக்குள்ள வந்து சேரும், வயசானவங்க எல்லாரும் வர முடியும். கோடை சனி ஞாயிறெல்லாம் சீக்கிரம் நிரம்பிடும், முன்கூட்டியே வாங்கிடுங்க. குப்பைப் பை ரெண்டு கையோட எடுத்துட்டுப் போங்க, வாழையிலையும் பேப்பர் தட்டும் மரத்தடியில விட்டுட்டு வர்றதை நான் பார்த்திருக்கேன், ரொம்ப வருத்தமா இருந்துச்சு, அந்த இடம் நம்மளை நம்பி இலவசமா திறந்து வச்சிருக்கு.

இப்ப அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றதுன்னா, அவங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, மாமியார் வரப் போறாங்க, வண்டி ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு வாட்சங். சாயங்கால நடைக்கும் பெரிய கூட்டத்துக்கும் ரூஸ்வெல்ட். மார்ச்ல ஒரு தடவை, ஜனவரி உறைபனியில ஒரு தடவை சவுத் மவுண்டன் அருவிக்குப் போயிட்டு வரட்டும். மாமியார் வராம, பிள்ளைங்களும் பத்து வயசுக்கு மேலன்னா நான் சவுத் மவுண்டனை முதல்ல வச்சிருப்பேன், அதை மறைக்கல.

ஆரம்பிக்கிறதுக்குக் கோடை வரைக்கும் காத்திருக்க வேணாம்னும் சொல்வேன். பிப்ரவரி கடைசி வாரம் ஓடைப் பக்கம் சேறான இடத்துல குனிஞ்சு பாருங்க, பனிக்கு நடுவுல வட்டமா ஒரு குழி உருகியிருக்கும், அதுக்குள்ள கத்திரிப்பூ நிறத்துல சங்கு மாதிரி சுருண்டு ஒரு மொக்கு நிக்கும். ஸ்கங்க் கேபேஜ்னு பேரு. அந்தப் பூ தானே சூடு உண்டாக்கிப் பனியை உருக்கிக்கிட்டு வெளிய வருது. கிள்ளினா நாறும், கிள்ளாதீங்க. பையன் போன வருஷம் அந்தக் குழியைச் சுத்தி ஒண்ணு ரெண்டுன்னு பதினொண்ணு எண்ணினான், அத்தைக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினோம், கும்பகோணத்துல ராத்திரி ஒன்பதரை, அவங்க தூங்கப் போகாம பதினொண்ணையும் காட்டச் சொன்னாங்க.